கொசு தன் ஒட்டுண்ணியை எதிர்க்கிறதா?

மலேரியா ஒட்டுண்ணியைச் சுமந்து திரியும் கொசு அதை வெறுமனே சுமக்கிறதா, அல்லது தன்னால் இயன்ற மட்டும் அதை அழிக்கவும் முயல்கிறதா என்னும் வினா, முதுகெலும்பற்ற உயிர்களின் நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிய விவாதங்களுள் நீண்ட வரலாறு உடையது. ஏறத்தாழ 125 ஆண்டுகளில் அதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றுள் சில ஒன்றையொன்று மறுக்கின்றன, சில ஒரே உண்மையின் வெவ்வேறு பக்கங்களாக இருக்கக்கூடும். அந்த விடைகள் எங்கிருந்து பிறந்தன, எங்கே வலுவிழக்கின்றன, தமிழ்நாட்டின் தொழில் நிலமொன்றில் அவை எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பவை இங்கே ஆராயப்படுகின்றன.

வினா எழும் நிலம்

சென்னைக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையிலுள்ள இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி, சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலை வழியே ஒரகடம் வரை நீளும் தொழில் வழித்தடம் ஒரு காலத்தில் ஏரிப் பாசன நிலமாக இருந்தது. பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் உள்ளிட்ட சிப்காட் வளாகங்களும், கட்டி முடியாத கட்டடங்களும், தொழிலாளர் விடுதிகளும் அந்த நிலத்தின் நீர்நிலைகளின் இயல்பையே மாற்றிவிட்டன. ஏரியும் வாய்க்காலும் இருந்த இடத்தில் இன்று மேல்நிலைத் தொட்டியும், தரைக்கடியில் கட்டிய சம்பும், கான்கிரீட்டை நனைத்து வைக்கத் தேக்கிய நீரும் மிகுந்துள்ளன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட ஒரு குடியிருப்பு வளாகம் மட்டுமே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. இங்கு வந்து சேரும் மக்கள் திரளின் அளவு விளங்க வேண்டும் என்பதற்காக மட்டுமே இந்த எண் இங்கே தரப்படுகிறது.

தேங்கிய தெளிந்த நீரைத் தேடி முட்டையிடும் கொசு அனாபிலிஸ் ஸ்டெபன்சி. லிஸ்டன் என்னும் மருத்துவர் 1901இல் இந்தியாவில் அடையாளம் கண்டு விவரித்த இந்த இனமே இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மைக் கொசுவாகக் கருதப்படுகிறது. சென்னையில் இது பெருகும் முக்கிய இடம் மேல்நிலைத் தொட்டியே என்பதை 2016இல் வெளியான கள ஆய்வு ஒன்று உறுதிப்படுத்தியது. தொட்டி மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால் இதன் கொசுப்புழுவை அடையாளம் காண்பது எளிது: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு தலைகீழாகச் சாய்ந்து தொங்கும், அனாபிலிஸ் புழுவோ நீரின் மேற்பரப்பில் துரும்பு மிதப்பது போல மட்டமாகப் படுத்திருக்கும்.

மனிதர் வழியாக வரும் கூறு ஒன்றும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்தின் துவார் தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர்ஸும் பென்ட்லியும், பல ஊர்களிலிருந்து தொழிலாளர் ஓரிடத்தில் திரளுவதே மலேரியாவைத் தூண்டும் பெருங்காரணம் என்று வாதிட்டனர். சென்னைப் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி, காய்ச்சல் தணிந்த பிறகும் மனிதனின் கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழக்கூடியது. ஆகவே ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ தொற்றிய ஒட்டுண்ணி, தொழிலாளரின் உடலோடு பயணம் செய்து, காஞ்சிபுரம் மாவட்டத்துக் கொசுவின் வயிற்றை அடைவது நடக்கக்கூடியதே. அந்த வயிற்றுக்குள் அடுத்து என்ன நிகழ்கிறது என்பதில்தான் ஆய்வாளர்கள் மாறுபடுகின்றனர்.

செவிலி என்ற பார்வை

முதல் விடை, கொசு எதையும் செய்வதில்லை என்பதாக இருந்தது. 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் யானைக்கால் புழு கொசுவினுள் வளர்வதைக் கண்ட பாட்ரிக் மேன்சன், கொசுவை அந்தப் புழுவின் செவிலி என்றே வருணித்தார். செவிலி வளர்ப்பவள்; எதிர்ப்பவள் அல்லள். மேன்சனின் வழிகாட்டுதலில் உழைத்த ரோனால்டு ராஸ், 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாதில், மலேரியா நோயாளியின் ரத்தத்தைக் குடித்த அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியின் பைகளைக் கண்டபோதும், இந்தப் பார்வை பெரிதும் மாறவில்லை. அந்தக் கொசு ஸ்டெபன்சியாகவே இருந்திருக்க வேண்டும் என்பது பிற்காலத்தவர் பலரின் கருத்து.

ஆனால் மறுப்புக்கான தடயமும் ராஸின் குறிப்பேடுகளிலேயே இருந்தது. 1898இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்தபோது, சில கொசுக்களின் ஒட்டுண்ணிப் பைகளுக்குள் கறுத்துத் தடித்த உருவங்களை அவர் கண்டார். கரும் வித்துகள் என்று பெயர் பெற்ற அவற்றை ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழலில் மற்றொரு நிலையாக இருக்கலாம் என எண்ணினார். கொசு தன் எதிர்வினையால் கறுப்பாக்கி மூடிய ஒட்டுண்ணிகளே அவை எனப் பின்வந்த ஆய்வாளர் பலர் விளக்கினர். வேறு நுண்ணுயிரியாக இருக்கலாம் என்றவர்களும் உண்டு. முதல் விளக்கம் சரியானால், கொசுவின் எதிர்ப்பாற்றலை முதலில் கண்ணால் கண்டவர் ராஸ். கண்டது இன்னதென்று அறியாமலே கண்டிருக்கிறார்.

எதிர்ப்பவை என்ற பார்வை

பூச்சி போன்ற எளிய உயிர்களுக்கும் எதிர்ப்பாற்றல் உண்டு என்ற எண்ணம் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. 1882இல் மெசினாவில் நட்சத்திரமீனின் இளவுயிரிக்குள் முள்ளைச் செருகிய மெச்னிகோவ், இடம்பெயரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். 1884இல் நீர்த்தெள்ளின் உடலில் புகுந்த ஈஸ்ட் வித்துகளை அத்தகைய செல்கள் விழுங்குவதையும் விவரித்தார். நுண்ணுயிரைச் செல் விழுங்கி அழிக்கும் கோட்பாடு முதுகெலும்பற்ற உயிர்களில்தான் பிறந்தது. ஆயினும் அடுத்த பல பத்தாண்டுகளில் மருத்துவ உலகின் கவனம் முதுகெலும்புள்ளவற்றின் எதிர்ப்பொருள்களின் மீதே குவிந்ததால், பூச்சிகளின் எதிர்ப்பாற்றல் ஓரங்கட்டப்பட்டது. 1981இல் போமனின் குழு பட்டுப்பூச்சி இனமொன்றின் உடல்நீரிலிருந்து நுண்ணுயிர்க் கொல்லியான செக்ரோபின் என்ற சிறு புரதத்தைப் பிரித்ததும், 1996இல் பழ ஈயின் டோல் என்ற மரபணு பூஞ்சையிலிருந்து ஈயைக் காப்பதை ஹாஃப்மனின் குழு காட்டியதும் அந்தத் துறையை மீட்டெடுத்தன.

கொசுவைப் பொறுத்தவரை, ஒட்டுண்ணியை ஏற்கும் தன்மையும் ஏற்காத தன்மையும் மரபுவழி வருபவை என்பதைக் கிளே ஹஃப் 1920களின் இறுதியிலேயே கியூலெக்ஸ் கொசுக்களைக் கொண்டு காட்டியிருந்தார். 1986இல் காலின்ஸ் குழு ஆப்பிரிக்காவின் அனாபிலிஸ் காம்பியே கொசுக்களுள் ஒட்டுண்ணியைக் கறுப்பாக்கிக் கொல்லும் வழித்தோன்றலைத் தேர்ந்து வளர்த்தபோது, அந்தத் தன்மை கண்ணுக்குத் தெரியும் சான்றாக மாறியது.

கொசுவின் குடலில் நிகழ்வதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. ஒரு முறை குடித்த ரத்தத்தில் ஒட்டுண்ணியின் பாலணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அவை கூடி உருவாகும் நகரும் கருக்களோ நூற்றுக்கும் குறைவு. ரத்தம் குடித்த ஏறத்தாழ ஒரு நாளில் ஒவ்வொரு கருவும் குடற்சுவரின் ஒரு செல்லைத் துளைத்து மறுபக்கம் சேர வேண்டும். துளைக்கப்பட்ட செல் இறந்து குடலுக்குள் உதிர்கிறது; இறக்கும்போது நைட்ரஜன் சார்ந்த நச்சு வேதிப்பொருள்களை வெளியிட்டுக் கருவின் மேற்பரப்பைக் குறியிடுகிறது. மறுபக்கத்தில் கொசுவின் உடல்நீர் காத்திருக்கிறது. அதில் மிதக்கும் டெப்1 என்ற புரதம் கருவின் மீது படிந்தால் அது சிதைகிறது, அல்லது மெலனின் உறையால் மூடப்படுகிறது. நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதில் செயல்படும் நொதிகளோடு உறவுடைய நொதிகளே அந்த உறையையும் உண்டாக்குகின்றன. தப்பிப் பிழைத்துப் பையாக வளர்பவை பெரும்பாலும் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். ஆயிரங்கள் ஐந்தாகக் குறையும் இந்த இடமே ஒட்டுண்ணியின் வாழ்க்கையில் மிக ஒடுங்கிய கணவாய். பின்பு ஒவ்வொரு பையும் ஆயிரக்கணக்கான வித்துகளை ஈனுவதால் அந்த இழப்பு ஈடாகிவிடுகிறது.

இந்தப் பார்வைக்கு வலுச் சேர்த்த ஆய்வுகளுள் ஒன்று ஸ்டெபன்சியிலேயே நடந்தது. தொற்றுற்ற ஸ்டெபன்சி நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து ஒட்டுண்ணியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்று 1998இல் லக்ஹார்ட் குழு காட்டியது. 2004இல் ஹைடல்பர்க் ஆய்வகத்தினர் டெப்1 மரபணுவை ஒடுக்கியபோது கொசுவில் ஒட்டுண்ணிப் பைகள் பெருகின. இவற்றிற்குப் பிறகு, கொசு வெறும் செவிலி என்ற கருத்தைப் பழைய வடிவில் எவரும் தாங்கிப் பிடிக்கவில்லை.

எனினும் இந்தச் சான்றுகளின் அடித்தளத்தில் ஒரு குறை உண்டு. அவற்றுள் பல, எலிகளைத் தாக்கும் பெர்கெய் ஒட்டுண்ணியை ஆப்பிரிக்கக் கொசுவுக்கு ஊட்டிப் பெற்றவை. அந்த இரண்டும் இயற்கையில் சந்திப்பதே இல்லை. எலி ஒட்டுண்ணியின்மேல் பெரும் விளைவு காட்டிய மரபணுக்களுள் சில, மனிதனின் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியின்மேல் விளைவு எதையும் காட்டவில்லை என 2006இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. அதே ஆண்டில், மாலி நாட்டின் இயற்கைக் கொசுக்களில் எதிர்ப்புத்தன்மையைப் பெரிதும் ஒரு மரபணுப் பகுதியே ஆள்கிறது என்ற கண்டுபிடிப்பும் வந்தது. எதிர்ப்பு உண்மையே, எந்தக் கருவியால், எந்த ஒட்டுண்ணிக்கு எதிராக என்பதோ கொசு–ஒட்டுண்ணி இணைக்கு இணை மாறுகிறது.

பூட்டும் சாவியும்

அந்த மாறுதலை விளக்க எழுந்ததே, ஒட்டுண்ணி கொசுவை ஏமாற்றுகிறது என்ற மூன்றாவது நிலைப்பாடு. காலின்ஸின் கொசு, அயல்கண்டத்து ஒட்டுண்ணிகளை எளிதாகக் கறுப்பாக்கியது. ஆப்பிரிக்காவின் ஃபால்சிபாரத்தை அவ்வாறு செய்யவில்லை. உள்ளூர் ஒட்டுண்ணி உள்ளூர்க் கொசுவுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது என்பதற்கான குறிப்பு அது. 2013இல் மொலினா-குரூஸும் பரில்லாஸ்-மூரியும் இடம்பெற்ற குழு, ஃபால்சிபாரத்தின் மேற்பரப்பிலுள்ள பிஎஃப்எஸ்47 என்ற புரதமே கொசுவின் கண்ணில் படாமல் ஒட்டுண்ணியைக் காக்கிறது எனக் கண்டறிந்தது. கண்டத்துக்குக் கண்டம் அந்தப் புரதத்தின் வடிவம் மாறுவதால், அதைச் சாவியாகவும் கொசுவிலுள்ள ஏற்பியைப் பூட்டாகவும் அவர்கள் உவமித்தனர்.

வைவாக்ஸிலும் ஒத்த நிலை இருக்கலாம் என்பதற்கு மெக்சிகோவில் சான்று கிடைத்தது: அங்குள்ள இரண்டு அனாபிலிஸ் இனங்களுள் ஒன்று வைவாக்ஸின் ஒரு வகையையும் மற்றொன்று வேறு வகையையும் எளிதில் ஏற்கின்றன. இந்தியத் துணைக்கண்டத்துச் சான்று இன்னும் கூர்மையானது. கிராமப்புற மலேரியாவின் முதன்மைக் கொசுவான அனாபிலிஸ் கியூலிசிஃபாசிஸ், கண்ணால் பிரித்தறிய முடியாத ஐந்து உடன்பிறப்பு இனங்களின் கூட்டம். அவற்றுள் பி இனம் வைவாக்ஸை மிகக் குறைவாகவே ஏற்கிறது. அதனுள் ஒட்டுண்ணியை உறையிட்டு மூடும் கொசுக்களையும் டெல்லி ஆய்வாளர்கள் பிரித்து வளர்த்தனர். 1999இல் ராமேஸ்வரம் தீவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட ஈ இனமோ திறமான கடத்தி. இலங்கையிலும் அதுவே கடத்தியாகக் கருதப்படுகிறது. ஒரே தோற்றம், ஒரே வீட்டுச் சுவர், ஒரே மாட்டுத்தொழுவம். நோயைக் கடத்துவதில் மட்டும் இத்தனை வேற்றுமை.

தொழில் வழித்தடத்துக்கு இந்த நிலைப்பாடு நேரடிப் பொருள் உடையது. கிழக்கிந்தியக் காட்டோரங்களில் கியூலிசிஃபாசிஸ், ஃபுளூவியாடிலிஸ் முதலிய கொசுக்களோடு பழகிய ஒட்டுண்ணிகள், தொழிலாளர் இடப்பெயர்வால் ஸ்டெபன்சியின் வயிற்றுக்குள் வரும்போது அவற்றின் சாவி அந்தப் பூட்டுக்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் வந்த தொற்று நோயாளியோடு நின்றுவிடும். பொருந்தினால் உள்ளூர்ப் பரவலாகும். ஆனால் உவமையை மிகையாக நம்புவதும் தவறு. ஸ்டெபன்சி உலகின் பல ஆய்வகங்களில் பல கண்டங்களின் ஒட்டுண்ணிகளை ஏற்று வளர்க்கும் கொசு. பல சாவிகளுக்குத் திறக்கும் பூட்டு அது. 2012இல் ஜிபூட்டியிலும் பின்னர் எத்தியோப்பியாவிலும் நுழைந்து அங்குள்ள ஒட்டுண்ணிகளையும் அது கடத்திவருவது இதற்குச் சான்று. மலேரியாவை ஒழித்த நாடு என 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்ற இலங்கையின் மன்னாரில் இந்தக் கொசு தென்பட்டதாக 2017இல் வந்த செய்தி, ஈழத்துச் சுகாதாரத் துறையினரை அதனால்தான் கவலைகொள்ள வைத்தது.

நினைவு உண்டா?

ஒருமுறை கண்ட கிருமியை மறுமுறை அடையாளம் காண்பது முதுகெலும்புள்ளவற்றுக்கே உரியது எனப் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2003இல் கர்ட்ஸும் ஃபிரான்ஸும், சிறு நீர்வாழ் ஓட்டுயிரி ஒன்று முன்பு சந்தித்த நாடாப்புழுவின் உறவினப் புழுக்களை மறுமுறை திறமாகத் தடுப்பதைக் காட்டினர். 2010இல் பரில்லாஸ்-மூரியின் குழு, ஒருமுறை ஒட்டுண்ணியைச் சந்தித்த கொசுவில் சில வகை ரத்தச் செல்கள் பெருகி இரண்டாம் தொற்றைக் குறைப்பதைக் கண்டது. முன்தூண்டல் என்று இதைச் சொல்லலாம். இதற்கு இணையாக, டிஸ்காம் என்ற ஒற்றை மரபணுவிலிருந்து கொசு 31,000க்கும் மேற்பட்ட புரத வடிவங்களை உருவாக்கக்கூடும் என்ற கண்டுபிடிப்பு, பூச்சிகளுக்கும் எதிர்ப்பொருள் போன்ற ஒன்று உண்டோ என்ற ஆவலை எழுப்பியது.

அந்த ஆவல் இப்போது தணிந்திருக்கிறது. டிஸ்காமின் வடிவங்கள் உண்மையில் கிருமிக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனவா என்பதில் பின்வந்த ஆய்வுகள் ஒத்த முடிவுக்கு வரவில்லை. 2010இன் முன்தூண்டலும், ஒட்டுண்ணி குடற்சுவரைத் துளைக்கும்போது குடல் பாக்டீரியாக்கள் செல்களைத் தொடுவதைச் சார்ந்தே நிகழ்வதாகத் தெரிகிறது. ஆகவே கொசு நினைவில் வைத்திருப்பது மலேரியாவையா, சுவர் கிழிந்ததையா என்பது தெளிவில்லை. நினைவு என்ற சொல் இங்கே அளவுக்கு மீறிய சுமையைத் தாங்குகிறது என்றே கொள்ள வேண்டும்.

குடலில் குடியிருப்பவை

பாக்டீரியாவைப் பற்றிய பேச்சு நான்காவது நிலைப்பாட்டுக்கு இட்டுச்செல்கிறது: எதிர்ப்பாற்றல் எனக் கருதப்படுவதில் ஒரு பகுதி கொசுவினுடையதே அன்று. 2011இல் ஜாம்பியக் கொசுக்களின் குடலிலிருந்து பிரித்த என்டரோபாக்டர் இனமொன்று ஒட்டுண்ணியைத் தானே அழிப்பது காட்டப்பட்டது. இன்னும் வியப்புக்குரியது 2023இல் வெளியானது. ஸ்பெயினின் ஓர் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட ஸ்டெபன்சிக் கூட்டம் ஒன்று மெல்ல மெல்ல ஒட்டுண்ணியை ஏற்காமற்போனது. காரணம் தேடியபோது, டெல்ஃப்டியா என்ற பாக்டீரியா சுரக்கும் ஹார்மேன் என்ற வேதிப்பொருள் ஒட்டுண்ணியின் தொடக்க நிலைகளைத் தடுப்பது தெரியவந்தது. பாக்டீரியாவைத் தேடாமல் விட்டிருந்தால் அந்தக் கூட்டம் மரபுவழி எதிர்ப்புக்கு எடுத்துக்காட்டாகப் பதிவாகியிருக்கக்கூடும். பழைய ஆய்வுகளுள் எத்தனையில் இத்தகைய குடியிருப்பாளர்கள் கவனிக்கப்படாமல் போயினர் என்ற ஐயம் நியாயமானது.

செல்லுக்குள்ளேயே வாழும் ஓல்பாக்கியா என்ற பாக்டீரியா இதே வினாவை டெங்குவின் பக்கம் எழுப்புகிறது. 1924இல் கியூலெக்ஸ் கொசுவில் கண்டறியப்பட்ட அது, ஏடிஸ் கொசுவுக்குள் புகுத்தப்பட்டால் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த பெரும் சோதனையில் டெங்கு நோய் 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் அறிவிக்கப்பட்டது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி ஆய்வு மையமும் உள்ளூர் ஏடிஸ் கொசுக்களில் ஓல்பாக்கியாவை நிலைநிறுத்தியிருப்பதாக 2022இல் தெரிவித்தது. 2013இல் ஸ்டெபன்சியிலும் அது நிலைநிறுத்தப்பட்டு மலேரியா ஒட்டுண்ணி குறைவது காட்டப்பட்டது. ஓல்பாக்கியா கொசுவின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புவதால் இது நிகழ்கிறதா, கொழுப்பு போன்ற செல்லுணவுக்கு வைரஸோடு போட்டியிடுவதால் நிகழ்கிறதா என்பது தீரவில்லை. ஓல்பாக்கியா இயல்பாகவே வாழும் பழ ஈக்களில் எதிர்ப்பாற்றல் கூடாமலேயே வைரஸ் தடுக்கப்படுவதால், முதல் விளக்கம் மட்டும் போதாது எனலாம்.

எதிர்ப்பின் விலை

கொசுவிடம் இத்தனை கருவிகள் இருந்தால், எல்லாக் கொசுக்களும் ஏன் ஒட்டுண்ணியை விரட்டியடிப்பதில்லை? எதிர்ப்புக்கு விலை உண்டு என்பது பரிணாமவியலாளர் தரும் விடை. ஒட்டுண்ணிக் குளவியை எதிர்க்கும்படி தேர்ந்து வளர்க்கப்பட்ட பழ ஈயின் புழுக்கள், உணவு குறைந்த இடத்தில் மற்றப் புழுக்களோடு போட்டியிட முடியாமல் பின்தங்கின என 1997இல் கிராயிவெல்டும் காட்ஃப்ரேயும் காட்டினர். கொசுவிலும் அவ்வாறே முட்டை குறையலாம். ஆனால் மறுபுறத்தில், மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்கு உண்மையில் எவ்வளவு தீங்கு செய்கிறது என்பதிலேயே ஆய்வுகள் முரண்படுவதை ஃபெர்குசனும் ரீடும் 2002இல் தொகுத்துக் காட்டினர். இந்திய நகரங்களில் பிடிக்கப்படும் ஸ்டெபன்சிக் கொசுக்களுள் தொற்றுற்றவை பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டுவதில்லை. தன் வாழ்நாளில் சந்திக்கவே சந்திக்காத பகைவனுக்காக ஓர் உயிர் விலை கொடுக்க வேண்டிய தேவை குறைவு. மேற்கண்ட விளக்கங்களுள் இதுவே மிக எளிமையானது. மிகக் குறைவாகச் சோதிக்கப்பட்டதும் இதுவே.

திறந்திருப்பவை

கொசு எதிர்க்கிறது என்பதை இன்று ஐயமின்றிச் சொல்லலாம். அந்த எதிர்ப்பு நோய்ப் பரவலை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதைச் சொல்ல முடியவில்லை. தடையாக நிற்பவற்றுள் முதன்மையானது வைவாக்ஸின் இயல்பே: ஃபால்சிபாரத்தைப் போல அதை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க இயலாது, ஒவ்வொரு சோதனைக்கும் நோயாளியின் ரத்தம் வேண்டும். கோவாவில் அவ்வாறு நோயாளிகளின் ரத்தத்தைச் சவ்வு வழியே ஸ்டெபன்சிக்கு ஊட்டிய ஆய்வுகள் நடந்துள்ளன. கொசுவின் பக்கம் கருவிகள் கூடியுள்ளன: 2022இல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸ்டெபன்சியின் மரபணுத் தொகுதிகளுள் ஒன்று சென்னைக் கொசுவினுடையது. ஒட்டுண்ணியின் மரபணு, கொசுவின் மரபணு, அந்தக் கொசுவின் குடலிலுள்ள பாக்டீரியா ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே நிலத்திலிருந்து எடுத்துப் பார்க்கும் ஆய்வே பூட்டு–சாவி விவாதத்தையும் டெல்ஃப்டியா எழுப்பிய ஐயத்தையும் சேர்த்துத் தீர்க்கக்கூடும். பல மாநிலங்களின் ஒட்டுண்ணிகள் ஒரே வகைத் தொட்டிக் கொசுவைச் சந்திக்கக்கூடிய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்ற நிலத்தைவிட அதற்கு ஏற்ற இடம் அரிது.

எதிர்ப்பாற்றல் மிக்க கொசுவை உருவாக்கிப் பறக்கவிடும் திட்டங்களைப் பொறுத்தவரை நிதானம் தேவை. 2015இல் கலிஃபோர்னியாவில், ஒரு மரபணுவைச் சந்ததி ஏறத்தாழ முழுவதற்கும் கடத்தும் மரபணு உந்துமுறை ஸ்டெபன்சியில் வெற்றி பெற்றது. ஆயினும் 1970களில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து டெல்லியில் நடத்திய கொசு மரபணுக் கட்டுப்பாட்டு அலகு, பொதுமக்களின் ஐயத்துக்கும் நாடாளுமன்றக் கேள்விகளுக்கும் நடுவே 1975இல் மூடப்பட்டதை மறந்துவிடலாகாது. விடுதிகளிலும் கட்டுமானக் கொட்டகைகளிலும் உறங்கும் தொழிலாளர்களிடம் விளக்கிச் சொல்லி, அவர்களின் ஒப்புதலைப் பெறாமல் அத்தகைய எதுவும் தொடங்கப்படக் கூடாது.

அதுவரை செய்ய வேண்டியது கொசுவின் எதிர்ப்பாற்றலைச் சார்ந்ததன்று. வெயில் மிகுந்த மாதங்களில் ஸ்டெபன்சி முட்டை, பறக்கும் கொசுவாக மாற ஏறத்தாழ பத்து நாள்களே போதும். அந்தக் கொசு குடித்த ஒட்டுண்ணி பிறருக்குத் தொற்றும் நிலையை அடைய மேலும் அதே அளவு நாள் வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் மூடியையும் சம்பின் மூடியையும் இறுக மூடி, வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, புழு இருந்தால் அகற்றிவிட்டால், அந்த இரண்டு கணக்குகளும் முடியும் முன்பே நின்றுவிடும்.